ஜமாவோடு ஒரு நாய்: தெருநாயை ஊர் ஊராகக் கூட்டிப்போகிறவர்களுக்கு

வேலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போகிற குழு எதுவானாலும் சரி, கூத்து ஜமாவோ, பேண்டு செட்டோ, கபடி டீமோ, அதன் பின்னால் என்றைக்காவது ஒரு நாய் வந்து சேர்ந்துவிடும். விடியற்காலையில் ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாராவது பன்னைப் பிய்த்துப் போடுவார்கள். அடுத்த நாள் அது வண்டி டயர் ஓரமாகப் படுத்திருக்கும். நாலு நாளில் பெயரும் வைத்தாகிவிடும். அதன் பிறகு அந்த நாய் இல்லாமல் வண்டியை எடுக்க யாருக்கும் மனசு வராது.

அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கங்களில் மகாபாரதக் கதையைச் சொல்கிற பாரதக் கூத்து ஆடுகிற ஒரு ஜமாவில் நான் இருக்கிறேன். எங்களோடு வருகிறவன் பெயர் செவலை. ஊருக்குள் நுழைந்ததும் "இன்னா வாத்தியாரே, நாயும் வேஷம் கட்டுதா?" என்று கேட்காத ஊர் இல்லை. அவனைப் பார்த்துவிட்டு, தாங்களும் ஒரு நாயை வைத்துக்கொள்ளலாமா என்று பல குழுக்காரர்கள் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அந்த நாய்க்கு ஏற்கெனவே வீடு இருக்கிறதா என்று கேளுங்கள்

தெருவில் இருப்பதாலேயே அது ஆளில்லாத நாய் ஆகிவிடாது. டீக்கடைக்காரர் காலையில் பொறை போடுவார், தெருக்கோடி ஆயா ராத்திரி சோறு வைப்பார். அந்தத் தெருவே அதன் வீடு. அப்படிப்பட்ட நாயைக் கிளப்பிக்கொண்டு போனால் அதுவும் ஏங்கும், அந்த ஆயாவும் தேடுவார். இரண்டு வாரம் பொறுமையாகக் கவனியுங்கள். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தாயோடு இருக்கிற குட்டி என்றால் எட்டு வாரம் முடியும்வரை கை வைக்காதீர்கள்.

காதையும் பாருங்கள். ஒரு காதின் நுனி வெட்டியிருந்தால் அதற்குக் கருத்தடை அறுவை ஏற்கெனவே நடந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

அப்புறம் குணம். ஊர் சுற்ற எல்லா நாயாலும் முடியாது. பாதத்தையும் காதையும் தொட்டால் முறைக்கிறதா? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா? மைக் செட் அலறினால் ஓரமாக நகர்ந்து படுக்கிறதா, இல்லை நடுங்கிக்கொண்டு ஓடுகிறதா? மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் என்று விடிய விடியச் சத்தம் கேட்கிற இடத்தில் நடுங்குகிற நாயை வைத்திருப்பது கொடுமை. அதற்கு அந்தத் தெருவிலேயே சோறு போடுங்கள், அதுவே பெரிய உதவி. செவலை முதல் ராத்திரியே, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போது பெட்டிகளுக்கு நடுவில் சுருண்டு தூங்கினான். அப்போதுதான் இவன் தாங்குவான் என்று தெரிந்தது.

2. ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "நம்ம ஜமா நாய்" என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் தடவிக் கொடுப்பார்கள். ஆனால் சாயங்காலம் தண்ணீர் வைத்தது யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் ஓனி என்றொரு நாய் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரத் தபால் நிலையத்துக்கு 1888-ஆம் ஆண்டு வாக்கில் வந்து சேர்ந்த கலப்பின நாய். தபால் மூட்டைகளின் மேல்தான் படுக்கும். மூட்டை ரயிலேறினால் அதுவும் ஏறிவிடும். அந்தக் காலத்தில் ஓடுகிற ரயிலிலேயே கடிதங்களைப் பிரிப்பதற்குத் தனி ரயில் பெட்டிகள் உண்டு. அதில் வேலை செய்தவர்கள், ஓனி ஏறிய ரயிலுக்கு விபத்தே வராது என்று நம்பினார்கள். போகிற ஊரிலெல்லாம் அதன் கழுத்தில் ஒரு வில்லை மாட்டி அனுப்பினார்கள். 1895-இல் டகோமா துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி, ஆசியா ஐரோப்பா என்று உலகத்தையே சுற்றி 132 நாளில் திரும்பியது.

இத்தனை பேர் கொண்டாடிய நாய் செத்தது எப்படித் தெரியுமா? வயதாகி உடம்பு தளர்ந்த பிறகும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. 1897 ஜூன் 11 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில், தபால் ஊழியர் ஒருவரைக் கடித்துவிட்டது என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு அதே தபால்காரர்கள் வருந்தி உடலைப் பாடம் செய்தார்கள். இன்றைக்கும் அது வாஷிங்டனில் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2011-இல் அஞ்சல் தலையும் வந்தது. நாடு முழுக்க நண்பர்கள் இருந்த நாய்தான். ஆனால் அந்த நாளில் அந்த ஊரில், "இதற்கு வயதாகிவிட்டது, புது ஆள் கை வைத்தால் பயப்படும், விடுங்கள், நான் கூட்டிப்போகிறேன்" என்று சொல்ல ஆள் இல்லை.

அதனால் கையெழுத்துப் போடவும் செலவுக்கும் ஒரு பெயர். அவர் வராத நாளுக்கு இன்னொரு பெயர். இரண்டு பெயரும் முடிவாகாவிட்டால் நாயை வண்டியில் ஏற்றாதீர்கள். எங்கள் ஜமாவில் பொறுப்பு ஆர்மோனியக்காரருடையது. அவர் வராத ஊருக்குச் செவலையும் வரமாட்டான். ஜமாவை நடத்துகிற வாத்தியாரே கூப்பிட்டாலும் அதுதான் சட்டம்.

3. தத்தெடுப்பைக் காகிதத்தில் செய்யுங்கள்

விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன்படி தெருநாயைப் பிடித்தால் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உங்கள் வசதிக்கு ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கிவிட முடியாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்று சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரியான இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவும் உத்தரவிட்டது. காட்பாடி ஜங்ஷன் வாசலிலோ புது பஸ் ஸ்டாண்டிலோ உங்கள் நாய் கயிறில்லாமல் திரிந்தால், அது உங்கள் நாய் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

வேலூருக்குள் இருக்கிறவர்கள் மாநகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கிராமம் என்றால் ஊராட்சியில் எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கால்நடை மருத்துவர்

அரசு கால்நடை மருத்துவமனைக்குக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்துக்குமேல் போடலாம். ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடா வருடம். வயது தெரியாத பெரிய நாய்க்கும் முதலிலிருந்தே தொடங்குவார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற ஊசி தனி. ஊர் ஊராகப் போகிற நாய் எந்த ஊர் நாயின் நோயையும் வாங்கிவரும் என்பதால் அதைத் தவிர்க்காதீர்கள். குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து இரண்டையும் கேட்டு வாங்குங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கத்தில் சாதாரணமாக வருகிறது. நாய் சோர்ந்து, சாப்பாட்டை மோந்துவிட்டு நகர்ந்தால், ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கருத்தடை ஆணுக்கும் வேண்டும். செய்யாத ஆண்நாய், போகிற ஊரில் ஒரு பெட்டை இருந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அந்த ஊர் நாய்கள் சும்மா விடாது. அறுவைக்குப் பிறகு குறைந்தது பத்து நாள் பயணம் கிடையாது. தையலை நக்காமல் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள்.

நாயோடு தினமும் புழங்குகிறவர்கள் தங்களுக்கும் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

5. கழுத்தில் என்ன இருக்கலாம், என்ன கூடாது

ஓனியின் கழுத்தில் வில்லைகள் சேர்ந்து சேர்ந்து கனம் தாங்கவில்லை. அப்போதைய தபால்துறைத் தலைவர் ஜான் வானமேக்கர், அவற்றைப் பரவலாக மாட்டிக்கொள்ள ஒரு மேலங்கியே கொடுத்தார். உங்கள் நாய்க்கு ஒரே ஒரு வில்லை போதும். ஒரு பக்கம் நாயின் பெயர், மறு பக்கம் பொறுப்பாளரின் போன் நம்பர். சாவி செய்கிற கடைகளில் கேட்டால் பொறித்துத் தருவார்கள்.

சலங்கை கட்டாதீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான காது அதற்கு. நகரும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதுக்கடியிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். கூத்துக்காரர்களுக்கு இன்னொன்று: முகத்தில் அரிதாரம் பூசி விளையாடாதீர்கள். அரிதாரத்தில் சேர்க்கிற முத்துவெள்ளைப் பொடியில் துத்தநாகம் இருக்கிறது. நாய் நக்கி விழுங்கினால் வாந்தி, பேதி என்று படுத்துவிடும். வேஷம் கட்டுகிற இடத்தில் கிண்ணங்களை உயரத்தில் வையுங்கள். சலங்கைப் பட்டை, மிருதங்க வார் எல்லாம் தோல்தானே, அவற்றையும்தான். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சலங்கைப் பட்டையை மென்று நூலாக்கிவிட, பல் முளைக்கிற வயதுக் குட்டிக்கு ஒரு மணி நேரம் போதும்.

6. வண்டிக்குப் பழக்குவது

முதல் நாள் நின்றிருக்கிற வண்டியில் ஏற்றி ஒரு முட்டை கொடுத்து இறக்குங்கள். அடுத்த நாள் இன்ஜினை மட்டும் போடுங்கள். அப்புறம் தெருமுனை வரை, அப்புறம் பக்கத்து ஊர் வரை. ஒரே மூச்சில் ஏலகிரிக்கு ஏற்றிக்கொண்டு போனால் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் வாந்திதான். கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி என்றால் பெட்டிகளின் உச்சியில் உட்காரவிடாதீர்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஒரு பிரேக்குக்குத் தாங்காது. டிரைவர் கேபினுக்குப் பின்னால், பெட்டிகள் சரியாத மூலையில், கோணிப்பையை இரண்டாக மடித்துப் போடுங்கள். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது, மார்பைச் சுற்றி மாட்டுகிற பெல்ட்டில் கட்டுங்கள். பக்கவாட்டுத் தகடு வரை எட்டாத நீளமாக இருக்கட்டும். நீளக் கயிற்றோடு கழுத்தில் கட்டிய நாய் வெளியே தாவினால் தூக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். பைக் டேங்கில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போவது வேண்டவே வேண்டாம்.

7. வெயில்

பாரதக் கூத்து மும்முரமாக நடப்பது பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை. வேலூரின் கொடும் வெயிலும் அதே மாதங்கள்தான். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே சாதாரணம்.

தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. பயணத்தைக் காலை எட்டு மணிக்குள்ளோ சாயங்காலம் ஐந்துக்கு மேலோ வையுங்கள். நிறுத்திய வண்டிக்குள் நாயை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், கண்ணாடி இறங்கியிருந்தாலும். ஆட்டம் முடிந்து பகலில் நாம் தூங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். காலையில் நிழலாக இருந்த இடம் பதினோரு மணிக்கு வெயிலாகிவிடும், கட்டிப்போட்ட நாயால் நகர முடியாது. வேப்ப மரமோ புங்க மரமோ பார்த்து, நிழல் எந்தப் பக்கம் சுற்றும் என்று யோசித்துக் கட்டுங்கள்.

வெயில் தாக்கினால் முதலில் இரைப்பு அதிகமாகும். எச்சில் கெட்டியாகி நூல் மாதிரி தொங்கும். ஈறு சிவக்கும். எழுந்தால் தள்ளாடும். உடனே நிழலுக்குத் தூக்கிப்போய், சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறு, தொடையிடுக்கு, பாதம் நனைய ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். குடிக்க வைத்துப் பாருங்கள், வாயில் ஊற்றாதீர்கள். அதோடு நிற்காமல் மருத்துவமனைக்கு வண்டியை எடுங்கள். தெளிந்த மாதிரி தெரிந்த நாய் உள்ளுறுப்பு கெட்டு அடுத்த நாள் போய்விடுவது உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் போனால் இன்னொரு கவனம் வேண்டும். தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையை எப்படி ஆக்கியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வழியில் ஓடுகிற எந்தத் தண்ணீரிலும் வாய் வைக்க விடாதீர்கள். வீட்டிலிருந்தே ஒரு கேனில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ரயிலில் போக வேண்டியிருந்தால்

ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கூப்பேயோ நாலு படுக்கை கேபினோ முழுவதும் உங்களுக்கே இருந்தால்தான் நாய் கூடவே வர முடியும். இரண்டாம் ஏசி, மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் அனுமதி இல்லை. இன்னொரு வழி கார்டு பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டு. எதுவானாலும் பார்சல் ஆபீசில் எடை போட்டுக் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். தடுப்பூசிச் சான்றும், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்றும் கையில் இருக்கட்டும். ரசீது இல்லாமல் பிடிபட்டால் பல மடங்கு கட்ட வேண்டி வரும்.

காட்பாடியில் பல ரயில்கள் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் பிளாட்பாரத்தின் கோடிக்கு ஓடி, கார்டிடம் சொல்லி, பயந்துபோன நாயைக் கூண்டில் ஏற்றுவது பெரும்பாடு. கோடையில் அந்தக் கூண்டு கொதிக்கும், பக்கத்தில் நாமும் இருக்க மாட்டோம். என்னைக் கேட்டால், கூப்பே கிடைக்காத பயணத்துக்கு நாயை வீட்டில் விட்டுவிடுங்கள்.

9. புது ஊரில் இறங்கும்போது

வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போதே அந்த ஊர் நாய்கள் குரைக்க ஆரம்பித்துவிடும். உங்கள் நாய்க்கு ஆபத்து மனிதர்களைவிட அவற்றால்தான் அதிகம். தெருவில் இறக்கவே கூடாது. கூத்து மேடைக்கோ மைதானத்துக்கோ நேராகப் போய், வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் நாயை உள்ளேயே வைத்திருங்கள். ஊர் நாய்கள் வந்து டயரை மோந்து, ஒன்றுக்குப் போய்விட்டு, சலித்துத் திரும்பும். அதன் பிறகு குட்டைக் கயிற்றில் பிடித்து, திறந்த வெளிப் பக்கமாகக் காலாற நடத்துங்கள். சோற்றை வண்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே வைத்தால் சண்டை நிச்சயம்.

சோறு என்றதும் சொல்கிறேன், கல்யாணப் பந்தியிலும் திருவிழாவிலும் ஆளாளுக்கு அன்பாக எதையாவது போடுவார்கள். ஆம்பூர் பிரியாணியில் மிஞ்சிய எலும்பு வெந்து நொறுங்கும் எலும்பு, சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். தயிர்ப் பச்சடியில் வெங்காயம், அது நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் திராட்சையும் விஷம். "அண்ணே, அதுக்கு வயிறு சரியில்ல, ஒண்ணும் போடாதீங்க" என்று ஒரே பதிலைக் குழுவில் எல்லோரும் சொல்லப் பழகுங்கள். உப்பில்லாத சோறு, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி, இவை எங்கும் கிடைக்கும்.

குழந்தைகள் ஓடி வந்து கட்டிப்பிடிப்பார்கள். ஒருவர் ஒருவராக வரச் சொல்லி, புறங்கையை மோக்கக் கொடுத்து, பிறகு தாடைக்கடியில் தடவச் சொல்லுங்கள். தூங்குகிற நாயையும் சாப்பிடுகிற நாயையும் தொட விடாதீர்கள். துரியோதனன் விழுகிற படுகளத்தன்றும் தீமிதியன்றும் கூட்டமும் வெடியும் நாய்க்குத் தாங்காது. அந்த நாளில் செவலை ஜன்னல் மூடிய ஓர் அறையில், ஆர்மோனியக்காரரின் பழைய லுங்கி மேல் இருப்பான்.

10. கடித்துவிட்டால்

எவ்வளவு நல்ல நாயானாலும், தடுப்பூசி போட்டதானாலும், பல் பட்டால் நடைமுறை ஒன்றுதான். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப்போங்கள். ஊசி அங்கே இலவசம். முதல் நாளைப் பூஜ்யமாக வைத்து 3, 7, 28-ஆம் நாள்களில் தொடர வேண்டும், பாதியில் விடக் கூடாது. ரத்தம் வந்த காயத்துக்குக் காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தும் தேவைப்படும். நாயைப் பத்து நாள் தனியாகக் கட்டிக் கவனியுங்கள். நாயின் ஊசிச் சான்றைக் கடிபட்டவர் வீட்டில் காட்டுங்கள். முழுச் செலவும் குழுவுடையது, அதில் பேரமே இருக்கக் கூடாது.

11. ஓய்வும் மழைக்காலமும்

வண்டியில் ஏறத் தயங்குகிறதா, கண் மங்கிவிட்டதா, கூப்பிட்டால் திரும்ப நேரமாகிறதா, முன்பு பொறுத்த கையை இப்போது முறைக்கிறதா? பயணத்தை நிறுத்துங்கள். ஊர்க்காரர்கள் "ஏன் செவலை வரல?" என்று கேட்டால் கேட்கட்டும். சில நாய்க்கு எட்டு வயதில், சிலதுக்குப் பத்தில் இது வரும். எந்த வீட்டில் இருக்கும் என்பதை நாய் இளமையாக இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

ஆடி முடிந்து ஜமா கலைகிற மாதங்களுக்கும் இதே கேள்விதான். சீசனில் பத்துப் பேரோடு இருந்த நாய் திடீரென்று தனியாகிவிடும். பொறுப்பாளர் வீட்டுத் திண்ணையோ மாட்டுக்கொட்டகையோ, ஐப்பசி மழையில் நனையாத ஒரு மூலையை முன்னாலேயே பழக்குங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினம், அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம் நடக்கும். வருடாந்திர ஊசியை அப்போது போட்டுவிட்டால், அடுத்த சீசன் முழுக்கத் தேதி தேட வேண்டியதில்லை. சான்றிதழை மூன்று ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று வண்டி டேஷ்போர்டில், ஒன்று வாத்தியாரிடம், ஒன்று பொறுப்பாளர் வீட்டில்.